பக்கத்துக் கட்டில்

மிஷினை மாட்டிவிட்டு நர்ஸ் கதவைச் சாத்தும்போது மணி பத்தேகால். இனி இரண்டேகால் வரை ராசவேணிக்குச் செய்ய ஒன்றுமில்லை. செவ்வாயும் வெள்ளியும் இந்த நாலு மணி நேரம்தான் அவள் கை சும்மா இருக்கிற நேரம். மற்ற நாளில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால், கட்டையால் தட்டுவதும் பருப்பைப் பிரிப்பதுமாகப் பொழுது போய்விடும், நினைக்க நேரமிருக்காது. இங்கே, பெரியாஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே, சுவரோரம் போட்டிருக்கிற இரும்பு பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் அந்த நினைப்பு வந்துவிடுகிறது. செந்தாமரை இந்நேரம் பருப்பை வேகப் போட்டிருப்பாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் புகைபோக்கி வைத்த அடுப்பு, குழாயைத் திருகினால் தண்ணீர், தலைக்கு மேலே விசிறி. பதினொன்றரைக்கு முட்டையை உரித்து வைப்பாள், ஒன்றரைக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பாள், இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்க் கட்டிலில் காலை நீட்டுவாள். சிமெண்டுத் தளம் போட்ட வீடு. வாசலில் நீலநிறக் கம்பிக் கதவு. கதவு நீலமாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் என்ன, அவள் கதவு அவளுக்கு, என்று ராசவேணி தன்னையே அதட்டிக்கொண்டாள். இன்றைக்கு அவளை நினைப்பதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். வீட்டுக்காரரைத் தோளைப் பிடித்துப் படியேற்றிவிட்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தாள். பாட்டிலை நினைத்தாள். ஒரு நாளைக்கு இந்த பாட்டில் ஒன்றுதான் அவருக்கு, காப்பியும் கஞ்சியும் அதற்குள்ளேயே அடக்கம், மிஞ்சினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். நேற்றைக்கு வெயில் அதிகம், இன்னும் ஒரு முழுங்கு என்று கேட்டார், அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள், பெற்ற பிள்ளையிடம்கூட அவள் அப்படி இல்லையென்று சொன்னதில்லை. செந்தாமரை யாருக்கும் தண்ணீர் அளந்து ஊற்ற வேண்டியதில்லை. பார், எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது.

இரண்டு பேரும் ஒரே ஆவணியில் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். ராசவேணியின் வீட்டுக்காரர் கலியமூர்த்தி, செந்தாமரையின் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி. பங்காளிகளில்லை, ஆனால் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முந்திரிக்கொல்லை. அப்போதெல்லாம் பொறாமை யாருக்கு இருந்தது என்று கேட்டால் செந்தாமரைக்குத்தான் இருந்திருக்க வேண்டும். இவள் கொல்லையில் எண்பத்தாறு மரம், அவள் கொல்லையில் அறுபது சொச்சம். இவளுடையது மேட்டு நிலம், பங்குனி பிறந்ததும் பழம் விழ ஆரம்பித்துவிடும், அவளுடையது பத்து நாள் தாமதிக்கும். பொறுக்குவதற்கு ராசவேணி ஆள் வைப்பாள், செந்தாமரை தானே குனிந்து பொறுக்குவாள். குனிந்து பொறுக்குகிறவளைப் பார்த்து நீயும் ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளேன்டி என்று ராசவேணி சொல்லியிருக்கிறாள், மனசார அக்கறையாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லும்போது உள்ளே ஒரு இனிப்பு இருந்தது, அது அக்கறையின் இனிப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. செந்தாமரை பதிலுக்குச் சிரித்தாள். என்ன சிரிப்பு அது. வயிறு எரிந்து சிரித்தாளா, வெறுமனே சிரித்தாளா. எரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவளும் ஒரு காலத்தில் இப்படி பெஞ்சில் உட்கார்ந்து என்னை நினைத்து வெந்திருக்கிறாள் என்று தெரிந்தால் இந்தச் சூடு கொஞ்சம் ஆறும். பிறகு அந்த மார்கழிப் புயல். ராத்திரி முழுக்கக் கூரை பிய்யும் சத்தம், விடிந்து கொல்லைக்குப் போனால் கொல்லையைக் காணோம். மரமெல்லாம் வேரை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது, செம்மண் ஒட்டின வேர், பூவெடுக்க இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. இந்தப் பக்கம் எண்பத்தாறும் போய் அந்தப் பக்கம் அறுபதும் போய் வரப்பு மட்டும் நேராக இருந்தது. அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சரிசமம். கணக்கெடுக்க வந்தவர்கள் இரண்டு கொல்லைக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள், விறகு வியாபாரி இரண்டு கொல்லைக்கும் ஒரே அடிமாட்டு விலை சொன்னான். விழுந்த மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தூக்கில் இருந்த புளிச்சோற்றைப் பிரித்துத் தின்றார்கள். அன்றைக்குப் போல மனசு அவளோடு ஒட்டி இருந்த நாள் வேறில்லை. யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, எல்லாம் போன அன்றைக்குத்தான் ராசவேணிக்கு அவள்மேல் துளி வன்மமும் இல்லை.

வேர் பிடுங்கின குழியெல்லாம் மழைத் தண்ணீர் நின்றது. மரத்தை அறுத்துத் துண்டு போட இரண்டு ஆண்களும் அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு நாள் முழுக்க நின்றார்கள். பொந்து இழந்த எலியெல்லாம் அதில் செத்து மிதந்தது, தூக்கி வீசிவிட்டு அறுத்தார்கள். யாருக்குத் தெரியும். தை பிறந்து ஒரு வாரத்தில் கலியமூர்த்திக்குக் காய்ச்சல், மறுநாள் தெய்வசிகாமணிக்குக் காய்ச்சல், தெருவில் இன்னும் மூன்று பேருக்கு. கண் மஞ்சளாகிக் கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினார்கள். எலிக்காய்ச்சல் என்று சொல்லி இந்த ஆஸ்பத்திரியில்தான், மேல் மாடியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ஜன்னலோரக் கட்டில் இவருக்கு, உள்பக்கம் தெய்வசிகாமணிக்கு. இரண்டு பேருக்கும் மூத்திரம் நின்றுபோனது. டாக்டர் ஒரு கட்டிலைப் பார்த்துவிட்டு மறு கட்டிலைப் பார்க்கும்போது முகத்தை மாற்றிக்கொள்கிறாரா என்று ராசவேணி உற்று உற்றுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் உள்பக்கக் கட்டிலில் மூச்சு வாங்கிற்று, எட்டு மணிக்குத் துணியைப் போர்த்தினார்கள். செந்தாமரை விழுந்து புரண்டாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ராசவேணியும் அழுதாள், பொய்யாக அழவில்லை, நெஞ்சு பிளக்கத்தான் அழுதாள். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு சின்னக் குரல், என்னுது இல்லை, என்னுது இல்லை, என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தக் குரலுக்குத்தான் இப்போது தண்டனையோ. தண்டனையெல்லாம் யார் கொடுக்கிறார்கள். தெருவில் மற்ற மூன்று பேருக்கும் சிறுநீரகம் தேறிவிட்டது, ஒருத்தன் இப்போது மரமேறுகிறான், அவன் பெண்டாட்டி கோயிலில் பொங்கல் வைத்தாள். பெரும்பாலும் தேறிவிடும் அம்மா என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரும்பாலும் என்கிற சொல்லுக்கு வெளியே ஒரே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றால் அது இவராக இருந்தது.

வார்டுக் கதவின் கண்ணாடி வழியாக அவருடைய பாதம் மட்டும் தெரிந்தது. நடுவிரல் லேசாக ஆடியது. குளிர்கிறதோ, போர்வையை இழுத்துவிட நர்ஸிடம் சொல்லலாமா என்று எழுந்தவள், விரல் ஆடுவது நின்றதும் உட்கார்ந்தாள். வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை, அது உண்மைதான், மிஷின் இலவசம், ஊசி பெரும்பாலும் இலவசம், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், உனக்கென்னம்மா கவர்மெண்டு பார்த்துக்கொள்கிறது என்று. வாரத்தில் இரண்டு நாள் கூலி போவதை யார் பார்த்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போக முடியாத ஆளின் கூலி ஏழு நாளும் போவதை யார் பார்த்துக்கொள்கிறார்கள். கறவைமாடு இரண்டும் முதல் வருஷம் போனது. கம்மல் போனது. ஒட்டுச்செடி நட்டுத் தண்ணீர் ஊற்றி முழங்கால் உயரம் வளர்த்த கொல்லை போன வருஷம் ஒரு பருப்பு வியாபாரி பேருக்குப் போனது, அவன் கம்பி வேலி போட்டுவிட்டான், வேலிக்கு அந்தப் பக்கம் செந்தாமரையின் செடி இந்தத் தையில் முதல் பூ எடுத்தது. பெண் வெண்ணிலா காலேஜில் இரண்டாம் வருஷத்தோடு நின்று, ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றுகொண்டே புடவை விரிக்கிறாள், அவளுக்கும் இந்த வயதிலேயே கால் வீங்குகிறது, அந்த வீக்கத்துக்கு மிஷின் இல்லை. செந்தாமரையின் பெண் நர்ஸிங் படிக்கிறாள். அப்பா இல்லாத பிள்ளை என்று ஃபீஸ் தள்ளுபடி. புருஷன் இல்லாதவள் என்று வேலை. இறந்தவர் குடும்பத்துக்கென்று வந்த பணத்தில் வீடு. ஒரு சாவுக்கு இவ்வளவு கதவு திறக்கிறது, ஒரு உயிருக்கு ஒன்றும் திறக்கவில்லை. ஐந்து நாளில் அவள் முடித்துவிட்டதை நான் மூன்று வருஷமாக முடிக்காமல் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கட்டிலும் இந்தக் கட்டிலும். ராசவேணி சட்டென்று எழுந்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள், முந்திரி எண்ணெய் பட்டுத் தோலுரிந்த உள்ளங்கை தண்ணீர் பட்டதும் எரிந்தது, எரியட்டும் என்று இன்னொரு கைத் தண்ணீர் பிடித்தாள். அந்த வாக்கியத்தை அவள் முழுசாக நினைத்ததில்லை. பாதி வரைக்கும் வரும், மாறியிருந்தால் என்கிற இடத்துக்கு முன்னாலேயே எழுந்துவிடுவாள். செவ்வாயும் வெள்ளியும் எழுந்து எழுந்து உட்காருவாள். உள்ளே அவர் ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவ்வளவு தூரம் திறந்து கிடக்கிற ஆளுக்கு, கதவுக்கு வெளியே இருக்கிறவள் நினைப்பது கேட்டுவிடாதா என்று பயமாக இருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால் பெஞ்சில் செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட கத்தரிப்பூ நிறப் புடவை. கழுத்தில் ஒன்றுமில்லை. கை மட்டும் நன்றாகப் பூசினாற்போல் இருந்தது, வளையல் இல்லாத கை, எண்ணெய்ப் புண் இல்லாத கை. ராசவேணிக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கைதான்.

"சாப்பிட்டியாடி?"

"அவரு வெளிய வரட்டும். நீ எங்க இங்க? பள்ளிக்கூடம் இல்லையா?"

"அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தன். ஆபீசுல ஒரு வேலை. முடிச்சிட்டு உன்னப் பாத்துட்டுப் போலாம்னு." செந்தாமரை பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்து நீவினாள். "கீழத்தெரு பள்ளிக்கூடத்துல சமையல் உதவியாளர் வேலை காலியாகுது. இன்னும் வெளிய யாருக்கும் தெரியாது. நாளைக்குள்ள எழுதிக் குடுத்துடணும். அதுக்குத்தான் வந்தன்."

ஆபீசில் வேலை என்றது பொய், எனக்காகத்தான் வந்திருக்கிறாள், என்று ராசவேணிக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. கொடுக்கிற இடத்தில் இவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளேன்டி என்று அன்றைக்கு நான் சொன்ன அதே குரல்.

"அதெல்லாம் புருசன் இல்லாதவங்களுக்குத்தான குடுப்பாங்க."

"அவங்களுக்கு முதல்ல. அடுத்தது ஆதரவில்லாதவங்க." செந்தாமரை குரலை இறக்கினாள். "இங்க பாரு. 'கணவனால் கைவிடப்பட்டவர்'னு ஒரு கட்டம் இருக்குது. அதுல டிக் போடு. ரெண்டு பேரு சாட்சி போட்டாப் போதும், ஒண்ணு நான் போடுறன். ஒம்போதரைக்குப் போனா ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம். செவ்வாய், வெள்ளிக்கு அங்க உன் அடுப்பையும் நான் வந்து பாத்துக்குறன், டீச்சர்கிட்ட பேசிட்டன்."

எல்லாம் பேசிவிட்டாள். எல்லாம் யோசித்துவிட்டாள். விதவை என்கிற முதல் கட்டத்தில் அவள் போட்ட டிக் உண்மை. அந்த உண்மையே அவளுக்கு ஒரு நகை மாதிரி. எனக்கு வாய்த்தது இரண்டாவது கட்டமும் ஒரு பொய்யும். இதிலும் நான் அவளுக்குக் கீழே. ராசவேணி தாளை வாங்கவில்லை. வாய் அவளைக் கேட்காமல் பேசிவிட்டது.

"உனக்கென்னடி. உனக்கு எல்லாம் அமைஞ்சுபோச்சு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எதிரே இருந்த கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செந்தாமரை எழுந்து போய்விடுவாள், தாளைக் கிழித்துவிடுவாள், தெரு முழுக்கச் சொல்லுவாள், சொல்லட்டும், என்று ராசவேணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மிஷின் ஒன்று கூவி அடங்கியது. செந்தாமரை எழவில்லை.

"அமைஞ்சுதான் போச்சு," என்றாள். "சொவத்துக்கு வெள்ளை அடிச்ச அன்னைக்கு வாசல்ல நின்னு பாத்தன். அவரு இருந்திருந்தா இந்த ஜென்மத்துல இப்படி ஒரு வீடு கட்டியிருக்க மாட்டாருன்னு தோணிச்சு. எனக்கேதான்டி தோணிச்சு, யாரும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. அதுக்கப்பறமும் தோணும். சம்பளம் வர்ற அன்னைக்குத் தோணும். பொண்ணு யூனிபாரம் போட்டுக்கினு வந்தா தோணும். இதப் போயி யாருகிட்ட சொல்ல? உனக்குத்தான் புரியும்னு நெனச்சிக்குவன், ஆனா உன் மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கும்." தாளை எடுத்து ராசவேணியின் மடியில் வைத்தாள். "பேனா இருக்குதா உங்கிட்ட?"

இல்லையென்று ராசவேணி தலையை ஆட்டினாள். செந்தாமரை தன் பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள். நடையின் கோடி வரைக்கும் அவள் முதுகையே ராசவேணி பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு இளகிப்போயிருக்க வேண்டும், ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் பாதியிலேயே எழுந்து ஓடுகிற வாக்கியத்தை இவள் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுப் போகிறாள், அதைக்கூட இவளால்தான் முடிகிறது, சொல்லிவிட்டு மூச்சு விட்டுக்கொண்டு நடக்கிறாள், என்று மறுபடியும் எரிந்தது. ஆனால் எரிச்சல் முன்னே மாதிரி ஆழத்துக்குப் போகவில்லை, தோலோடு நின்றது. ஒரு மணிக்கு வெயில் பெஞ்சின் முனையைத் தொட்டபோது அவள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். மாறியிருந்தால், என்று வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாள். நான் வெள்ளையடித்த வாசலில் நின்றிருப்பேன். செந்தாமரை இங்கே உட்கார்ந்து தண்ணீரை அளந்திருப்பாள். நினைத்து முடித்துவிட்டாள். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

இரண்டேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கலியமூர்த்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மிஷினிலிருந்து இறங்கினதும் அவர் முகம் எப்போதும் சாம்பல் பூத்து, கன்னம் ஒட்டியிருக்கும்.

"செந்தாமரை கொரலு கேட்டிச்சே," என்றார்.

எல்லாம் கேட்டதா என்று அவள் கேட்கவில்லை. சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் வந்தாள், ஆனால் தாளை அவரிடமே நீட்டினாள். அவர் பத்தாவது வரைக்கும் படித்தவர், நிதானமாகத்தான் படிப்பார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனவர் அந்தக் கட்டத்தில் விரலை நிறுத்தினார். அவர் கத்தினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. உன் புருசன் உயிரோட குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப என்று ஒரு வார்த்தை சொன்னால் தாளைக் கசக்கிப் போட்டுவிடலாம்.

"விசாரிக்க வருவாங்களே," என்றார். "அப்ப நான் வீட்டுல இருக்கக் கூடாது. அக்கா வீட்டுல போயி இருந்துக்குறன். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அங்கேருந்தும் இங்க வர பஸ் இருக்குது."

அவர் ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டவர் மாதிரி பேசினார். அவளுக்கு அந்த வீடு கண்ணுக்கு வந்தது. பெரிய நாத்தனார், தம்பி வந்துவிட்டான் என்று ஓடி வந்து பாயை விரிப்பாள். உப்பில்லாத சோறா, பாவம், என்று ஊறுகாயை வைப்பாள். இன்னொரு முழுங்கு என்று கேட்டால் சொம்போடு கொடுப்பாள், குடித்துவிட்டு இவர் அக்காவைப் பார்த்துச் சிரிப்பார், எத்தனையோ மாசமாக எங்கள் வீட்டில் சிரிக்காத சிரிப்பு. என் தம்பியை ஒரு வாய்த் தண்ணீருக்கு அலையவிட்டாள் என்று அவள் ஊரைக் கூட்டிச் சொல்லுவாள். நான் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ராசவேணியின் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று ஏறியது. காலையிலிருந்து செந்தாமரையை நினைத்துச் சுட்ட சூடெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"அங்கெல்லாம் போக வேணாம்."

"போகாம எப்படி?"

"உங்கக்காவுக்குத் தண்ணி அளக்கத் தெரியாது." குரல் தடித்து வந்ததை அவளே கவனித்தாள். "யாராவது வந்தா பின்கட்டுல படுத்துக்கங்க. இருமல் வந்தா வாயில துணிய வச்சிக்கங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறன்."

"கண்டுபிடிச்சிட்டா வேல போயிடும்டி."

"போனாப் போவட்டும். கொட்டகை எங்கயும் ஓடிடாது."

கட்டில் ஓரத்தில் தாளை வைத்து அவள் கட்டத்தில் டிக் போட்டாள். அடுத்த வரியில் எழுத்து பொடியாக இருந்தது, அவரிடம் காட்டினாள். கைவிட்டுச் சென்று எத்தனை காலம் என்று கேட்கிறார்கள் என்றார் அவர். அவள் பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பஞ்சை எடுத்துப் பார்த்தார், ரத்தம் நின்றிருந்தது.

"காய்ச்சல்ல படுத்தன் பாரு, அந்தத் தையில இருந்து போடு," என்றார். "அது ஒண்ணும் பொய்யி இல்ல."

அவள் எண்ணிப் பார்த்து, மூன்று வருடம் என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. பிறகு குனிந்து அவர் செருப்பை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவர் எழுந்து நின்று, எடை முழுவதையும் அவள் தோளில் போட்டார்.